டின் பாலும் கிரேக்கத் தயிரும்

(திகாம் பத்துவில் ஓர் ஆலய மண்டபத்தில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



கிரேக்கத் தயிர் வாங்கலாமா என்று இந்த வட்டாரத்தில் இப்போது நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். சுங்கைப் பட்டாணிப் பேரங்காடிகளின் குளிர்பெட்டியில் அதற்கென்றே ஒரு வரிசை வந்துவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் வாங்குகிறார்கள். இனிப்பு நீர் உள்ள பெரியவர்களுக்கு மகள்மார் வாங்கிக் கொடுக்கிறார்கள். நான் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால், ஆலயத்தில் பார்த்தாலும் பசார் மாலாமில் பார்த்தாலும் இந்தக் கேள்விதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை சேர்க்காத கிரேக்கத் தயிர் நல்ல உணவு. வசதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கிச் சாப்பிடலாம். அதோடு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் இதில் நான் பேச வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. ஓர் உணவைப் பற்றிப் பெரிய ஆரவாரம் எழும்போதெல்லாம் நம் அடுப்படியிலிருந்து வேறொன்று சத்தமில்லாமல் வெளியே போகிறது. வந்ததை எல்லோரும் பார்க்கிறோம். போனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மலாயாவில் இப்படி ஒரு முறை நடந்தபோது குழந்தைகள் செத்தார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கிண்ணத்தில் இருப்பது என்ன? நாம் உறைய வைக்கிற அதே தயிர்தான். அதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்திருக்கிறார்கள். துருக்கியிலும் லெபனானிலும் சிரியாவிலும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். குஜராத்திலும் மராட்டியத்திலும் ஸ்ரீகண்ட் செய்ய முதலில் தயிரை இப்படித்தான் கட்டித் தொங்கவிடுவார்கள். நீர் போனதால் கெட்டியாகிறது, புரதமும் செறிகிறது. 100 கிராம் சாதாரணத் தயிரில் புரதம் ஏறக்குறைய மூன்றரை கிராம். வடித்த தயிரில் 9 அல்லது 10 கிராம். விளம்பரத்தில் மூன்று மடங்கு புரதம் என்று சொல்வது இதைத்தான். அது பொய்யில்லை.

ஆனால் பாலில் இருந்ததற்கு மேல் ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை. ஒரு லிட்டர் பாலில் சுமார் 33 கிராம் புரதம் இருக்கிறது. அப்படியே உறைய வைத்துச் சாப்பிட்டாலும் அந்த 33 கிராம். வடித்துச் சாப்பிட்டால் அதற்கு மேல் ஒரு கிராம்கூட வராது, வடிநீரோடு கொஞ்சம் போகவும் செய்யும். சுண்ணாம்புச் சத்திலும் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். கொஞ்சமாகச் சாப்பிட்டு நிறையப் புரதம் வேண்டும் என்பவர்களுக்கு, அதாவது நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கும் பசி மந்தமான முதியவர்களுக்கும் இந்தச் செறிவு உதவும். பால் சர்க்கரையிலும் ஒரு பகுதி வடிந்துவிடுவதால் பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் சாப்பிட வேண்டாம்.

இவ்வளவு எளிய பொருளுக்கு உலகப் புகழ் எப்படி வந்தது? ஃபாயே என்ற கிரேக்க நிறுவனம் 1998-இலேயே அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. பெரிய அலையை எழுப்பியவர் கிரேக்கர் இல்லை. துருக்கியின் கிழக்குப் பகுதியில் ஆடு மேய்த்த ஒரு குர்திஷ் குடும்பத்தில் பிறந்த ஹம்தி உலுகாயா. நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் கிராஃப்ட் நிறுவனம் மூடிவிட்டுப் போன பால் ஆலையை 2005-இல் கடன் எடுத்து வாங்கினார். 2007-இல் சோபானி என்ற பெயரில் கிண்ணங்கள் கடைக்கு வந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரை எட்டியது. அமெரிக்கத் தயிர்ச் சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிரேக்கத் தயிர் பிடித்துக்கொண்டது. மூடிய ஆலையைத் திறந்து வேலையிழந்தவர்களை மறுபடி வேலைக்கு வைத்த அந்த மனிதரின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் பாருங்கள், அமெரிக்க மாட்டுப் பாலில் அமெரிக்க ஆலையில் செய்த தயிர் அது. அதை எதிர்த்துப் பிரிட்டனில் ஃபாயே வழக்குப் போட்டது. கிரீஸில் செய்யாத தயிரை அந்த நாட்டில் கிரேக்கத் தயிர் என்று விற்கக் கூடாது என்று 2013-இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நீதிமன்றம் வரை போகும் அளவுக்கு அந்தப் பெயரில் காசு இருந்தது.

நியூயார்க்கில் இன்னொரு தலைவலியும் வந்தது. ஒரு லிட்டர் வடித்த தயிருக்கு மூன்று நான்கு லிட்டர் பால் தேவை. மிஞ்சுவது புளித்த நீர். அதை ஆற்றில் விட்டால் தண்ணீரில் உள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் செத்துவிடும். லாரி லாரியாக ஏற்றிப்போய் மாட்டுத் தீவனத்தில் கலந்தார்கள், வயலில் பாய்ச்சினார்கள், எரிவாயு எடுத்தார்கள். வீட்டில் வடித்தால் வருவது ஒரு சொம்பு. உப்புப் போட்டுக் குடிக்கலாம், சப்பாத்தி மாவு பிசையலாம்.

தயிருக்கு உலக ஆரவாரம் வந்தது இது முதல் தடவையும் இல்லை. 1904-இல் பாரிஸில் ஈலீ மெச்னிகோவ் என்ற அறிவியலாளர் முதுமையைப் பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவு ஆற்றினார். குடலில் உள்ள கெட்ட நுண்ணுயிர்கள்தாம் நம்மைச் சீக்கிரம் கிழமாக்குகின்றன, புளித்த பால் அவற்றை அடக்கும், பல்கேரிய நாட்டுப்புற மக்களின் நீண்ட ஆயுளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. அதைச் செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன. இளமை மருந்து கிடைத்துவிட்டது என்று மருந்துக் கடைகளில் தயிர் மாத்திரை விற்றார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில், தயிரை உறைய வைக்கும் அந்தப் பல்கேரிய நுண்ணுயிர் மனிதக் குடலில் தங்கிப் பெருகுவதில்லை என்று தெரிந்தது. நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு வாங்கிய பெரிய அறிஞர் மெச்னிகோவ். தினமும் புளித்த பால் குடித்துவந்த அவர் 1916-இல் தம் 71-ஆவது வயதில் காலமானார். இருக்கலாம் என்று அவர் சொன்னதை இருக்கிறது என்று விற்றவர்கள் வேறு ஆட்கள்.

இனி மலாயாவுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? ஜமைக்காவில் பிறந்தவர். இன்று கானா என்று சொல்லும் நாட்டில் வேலை செய்தபோது, புரதம் போதாமல் குழந்தைகளின் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகிச் சாகும் நோயை ஆராய்ந்து, குவாஷியோர்க்கர் என்ற அந்த ஊர்ப் பெயரிலேயே மருத்துவ உலகுக்கு அறிவித்தவர். 1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். இங்கே அவர் கண்டது வேறு விதமான சாவு. தாய்க்குப் பால் இருக்கிறது, ஆனால் குழந்தைக்கு டின் பால் புகட்டுகிறார்கள். சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால். அதில் பாதிக்குச் சற்றுக் குறைய வெறும் சர்க்கரை. கொழுப்பு எடுத்த பாலில் செய்த டின்னாக இருந்தால் கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டிய வைட்டமின்களும் கிடையாது. விலை அதிகம் என்பதால் ஒரு கரண்டிப் பாலை நிறையத் தண்ணீரில் கரைப்பார்கள். அந்தத் தண்ணீர் கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வந்தது. புட்டியைக் கொதிக்க வைத்துக் கழுவ வசதி கிடையாது. வயிற்றுப்போக்கு வரும், பிள்ளை சுருண்டுவிடும்.

ஏன் வாங்கினார்கள்? வெள்ளைக்காரக் குழந்தைகள் கொழுகொழுவென்று இருக்கும் படங்களைக் காட்டி, இதுதான் நவீனத் தாய் கொடுக்கும் பால் என்று சொன்னார்கள். நிறுவனங்கள் பெண்களுக்கு மிஸ்ஸி மாதிரி வெள்ளை உடுப்பு மாட்டி, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அனுப்பின. அந்த வெள்ளை உடுப்பைப் பல்லாண்டு போட்டவள் நான். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால், படிக்காத ஒரு தாய் நாம் சொல்வதை மறுத்துப் பேசமாட்டாள். அந்த நம்பிக்கையை எடுத்து விற்பனைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச டாக்டர் வில்லியம்ஸை அழைத்தார்கள். 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தார். தவறான குழந்தை உணவுப் பிரச்சாரத்தால் விளையும் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்று வணிகர்கள் நிறைந்த அவையில் எழுந்து சொன்னார். பிறகு ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டார். போர் முடிந்ததும் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். அவர் சொன்னதற்கு உலகம் விதி வடிவம் கொடுக்க 1981 ஆயிற்று. தாய்ப்பாலுக்கு மாற்று உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக விதித்தொகுப்பை அந்த ஆண்டுதான் ஏற்றார்கள். அதற்கான போராட்டத்தில் மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பினாங்குக்கும் பங்கு உண்டு. எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் புட்டிப் பால் விளம்பரத்தை விடாமல் எதிர்த்தது.

ரப்பர் தோட்டத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. விடியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதற்கு முன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். பால்மரம் வெட்டி முடித்து அம்மா திரும்பும்வரை குழந்தைக்கு ஏதாவது புகட்ட வேண்டுமே. அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. வேலை நேரமே அவர்களை டின்னிடம் தள்ளியது, விளம்பரம் அதற்குப் பெருமை சேர்த்தது.

ஆனால் அதே லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைகளும் இருந்தன. இதை இளையவர்கள் அறிய வேண்டும். நம் பாட்டன் பாட்டி கொண்டுவந்து பெருக்கிய மாடுகளுக்கு இந்த நாட்டுக் கால்நடைத் துறை ஆவணங்களில் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று ஓர் இனப் பெயரே உண்டு. காலையில் மரம் வெட்டிவிட்டு மதியம் புல்லறுக்கப் போன கூலிக்காரர்கள் உண்டாக்கிய இனம் அது. பால் கிராணி வீட்டுக்கும் டவுன் ஒட்டுக்கடைக்கும் போகும். மிஞ்சியது வீட்டில் தயிராகும். என் அம்மா பாலைக் காய்ச்சி, சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டியை முதலில் கொஞ்சம் பாலில் கரைத்துப் பிறகுதான் பானையில் ஊற்றுவார். நேரே போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். விறகடுப்பின் ஓரத்தில் வைத்து, உறைந்து முடியும்வரை யாரையும் அசைக்கவிட மாட்டார். பழைய சோற்றில் அதை ஊற்றிப் பசியாறிவிட்டுத்தான் நாங்கள் பள்ளிக்கு ஓடுவோம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மரங்களுக்கு நடுவே களைக்கொல்லி அடித்தார்கள், மேய்ச்சல் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. தாமானிலும் அடுக்குமாடியிலும் மாடு கட்ட முடியாது. மாடு போன பிறகும் டின் மட்டும் நம்மோடு வந்தது. இன்றைக்குத் தே தாரிக்கில் ஊற்றும் டின்னை எடுத்துப் படித்துப் பாருங்கள், பலவற்றில் பால் என்றே இருக்காது. கிரிமர் மானிஸ் என்று இருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். அதே 2019 ஜூலையில் அரசு இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. அது புட்டியிலும் டின்னிலும் அடைத்து விற்கும் பானத்துக்குத்தான். கடையில் நமக்கு முன்னால் ஆற்றிக் கொடுக்கும் தேநீரை அந்த வரி தொடாது.

ஆரவாரம் நம்மை வாங்குகிறவர்களாக மட்டுமே பாதிக்கிறது என்று எண்ண வேண்டாம், விளைவிக்கிறவர்களாகவும் பாதிக்கிறது. 1988-இல் பில் சோகொலோஃப் என்ற அமெரிக்கர் அந்நாட்டுப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். தேங்காய் எண்ணெயும் செம்பனை எண்ணெயும் மக்களைக் கொல்கின்றன என்ற மாதிரியான பிரச்சாரம். நிறுவனங்கள் பயந்து, பாதி கெட்டிப்படுத்திய தாவர எண்ணெய்க்கு மாறின. அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு இன்னும் மோசமானது என்று பிறகு தெரிந்து, 2015-இல் அமெரிக்க அரசே அதை விலக்க முடிவெடுத்தது. செம்பனை எண்ணெயை அளவில்லாமல் ஊற்றச் சொல்லவில்லை நான், கெட்டிக் கொழுப்பு அதில் அதிகம்தான். ஆனால் ஒன்றை விரட்டி அதைவிடக் கெட்டதைக் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே செம்பனைக் குலை வெட்டியவனின் பிழைப்பை அந்த விளம்பரம் எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

இப்போது கிண்ணத்தைக் கையில் எடுப்போம். இந்த நாட்டு 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும். பால், தயிர்க் கிருமி, அதோடு முடிந்தால் நல்லது. 'கிரேக்க பாணி' என்று போட்ட சிலவற்றில் நீரை வடிக்கவே மாட்டார்கள். பால் பொடி, மாவுப்பொருள், பெக்டின், ஜெலட்டின் சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். ஜெலட்டின் இருந்தால் அது எதிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். ஹலால் முத்திரை இருப்பதால் மாட்டு ஜெலட்டின் இல்லை என்று ஆகிவிடாது. விரதம் இருப்பவர்களும் மாட்டிறைச்சி தொடாதவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழச்சுவைக் கிண்ணத்தில் 100 கிராமுக்கு 12 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், பாலின் சொந்தச் சர்க்கரை அதில் நாலரை கிராம் இருக்கலாம். மீதி போட்டதுதான். இனிப்பு நீர் உள்ள அப்பாவுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டு நல்லது செய்தோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்வதானால் ஒரு லிட்டர் நல்ல பால், பத்து வெள்ளிக்குள் முடியும். உறைய வையுங்கள். துவைத்துக் கொதிநீரில் அலசிய வேட்டித் துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்துக் குளிர்பெட்டிக்குள் இரவு முழுக்க விடுங்கள். நம் வெயிலுக்கு வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். காலையில் 350 முதல் 400 கிராம் வரை கெட்டித் தயிர் எடுக்கலாம். கடையில் அதே அளவுக்குக் கொடுக்கும் விலையோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வடிக்க நேரமில்லை என்றால் வடிக்காமலே சாப்பிடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கூட ஒரு கரண்டித் தயிர் கொடுக்கலாம். தாய்ப்பாலுக்குப் பதிலாக எதையும் கொடுக்க வேண்டாம்.

இந்த வட்டாரத்துத் தமிழர்களுக்குத் தங்கள் வாய்க்குள் எது போக வேண்டும் என்று தாங்களே கூடி முடிவெடுத்த வரலாறு உண்டு. 1946, 47-இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. கெடாத் தோட்டத் தொழிலாளர்கள் அடிபட்டார்கள், சிறை போனார்கள், உயிரையும் கொடுத்தார்கள். அவர்கள் செய்ததற்குப் பக்கத்தில் வைக்கத் தகாத ஒரு சின்ன வேலையைத்தான் நான் உங்களிடம் கேட்கப் போகிறேன்.

இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் சிலர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். நம் ஆலயத்தில் பால்குடத்துக்கும் அபிஷேகத்துக்கும் பெட்டிப் பால் வாங்குகிறோம், அன்னதானத்தில் சிரப்புத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆலயக் குழுவினர் அந்த மாட்டுக்காரர்களில் ஒருவரிடம் மாதக் கணக்குப் பேசிப் பால் எடுக்கலாம். பொங்கக் காய்ச்சித்தான் பயன்படுத்த வேண்டும், காய்ச்சாத பாலில் மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் கிருமிகள் உண்டு. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் சிரப்பை நிறுத்திவிட்டு மோர் கொடுங்கள். உறைய வைக்கும் பொறுப்பை மகளிர் பகுதியில் மூன்று நான்கு பேர் முறை வைத்து எடுத்துக்கொள்ளட்டும், நான் வந்து உடனிருந்து செய்து காட்டுகிறேன். பால்காரருக்குப் பணத்தை மாதக் கடைசியில் இழுத்தடிக்காமல் கையோடு கொடுத்துவிடுங்கள். மாட்டுக்குப் புண்ணாக்கு கடனுக்குக் கிடைப்பதில்லை.